பிள்ளை ரூமுக்கு இன்னொரு கதவு

1

போன வாரம் எங்கள் மகள் போகும் பிள்ளைப் பள்ளியில் நெருப்பு ஒத்திகை நடந்தது. நெருப்பு ஒன்றும் இல்லை. வந்தால் என்ன செய்வது என்று பழகிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

லண்டனின் கிழக்குப் பகுதியில், கப்பல் துறைக்கு அருகில், யுத்த காலத்தில் அவசரமாகப் போட்ட நீளமான தகரக் கொட்டகை ஒன்று. வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பகல் முழுவதும் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். என் மனைவி சரோஜா பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா ஒட்டுகிறாள். ஆகவே மலர் அங்கேதான் வளர்கிறாள். வயது நான்கு.

அன்று எனக்கு விடுமுறை. எதிர் நடைபாதையில் நின்று பார்த்தேன். தலைமை அம்மாள் கையால் ஒரு பித்தளை மணியை ஆட்டினாள். கட்டடத்தின் இரண்டு முனைகளிலும் இருந்த கதவுகள் திறந்தன. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு கயிறு வெளியே வந்தது. கயிற்றில் இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பிள்ளையின் கை. ஒரு பையனுக்கு ஒரு காலில்தான் சப்பாத்து. இன்னொருத்தியின் கையில் வர்ணம் தோய்ந்த தூரிகை, கொடி பிடிப்பது போல. சமையற்காரி மேலங்கியோடு கடைசியாக வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. யாருக்கும் கோட்டு இல்லை. பெயர்களைக் கூப்பிட்டார்கள், பிள்ளைகள் பதில் சொன்னார்கள், திரும்ப உள்ளே போய்விட்டார்கள். அழுகை ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு படிவம் வந்தது. மணி அடிக்கும் ஓசை கேட்டாலும், புகையையே பார்த்தாலும், பெற்றோர் கட்டடத்தை நோக்கி வரக் கூடாது. எதிரிலுள்ள மாதா கோயில் மண்டபத்தில் காத்திருக்க வேண்டும். சம்மதம் என்று கையெழுத்திட வேண்டும். நான் அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். சரோஜா ராயபுரத்துப் பெண். லண்டன் வந்து இத்தனை வருஷம் ஆகியும் கோபம் வந்தால் பேச்சு அங்கே கல்மண்டபத்துத் தெருவுக்கே போய்விடும்.

"இது இன்னா பேச்சு? உள்ள என் பொண்ணு கீது. நான் மண்டபத்துல குந்திகினு பாட்டுப் பாடணுமா?"

"எல்லாரும் உள்ள ஓடுனா புள்ளைங்க எப்பிடி வெளிய வரும்?"

"எல்லாரும் ஓட வேணாம். நான் மட்டும் ஓடறேன்."

ஒவ்வொரு தாயும் இதையேதான் செய்வாள் என்பதை நான் ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் இன்னொரு வரி. அவசரத்தில் பெற்றோர் கிடைக்காவிட்டால் பிள்ளையை ஒப்படைக்கத்தக்க வேறொருவர் யார்? நாங்கள் நெடுநேரம் யோசித்தோம். 'ஒருவரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்தவள் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில், குழந்தை மாடியில் ஓடினால் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும் வீட்டுக்காரி அம்மாளின் பெயரை எழுதினோம். சரோஜா கையெழுத்தும் போட்டாள்.

"அப்போ சம்மதந்தானா?" என்றேன்.

"கையெழுத்துதானே போட்டேன்" என்றாள்.

2

ஞாயிற்றுக்கிழமை காதர் வந்தான். திருவொற்றியூரில் எங்கள் தெருவிலேயே வளர்ந்தவன். இப்போது சரக்குக் கப்பலில் சமையல் வேலை. அவனுடைய கப்பல் இங்கே கட்டும்போதெல்லாம் கருவாடும் மிளகாய்த் தூளுமாக வருவான். எங்களுக்கு ஊர்ப் பத்திரிகை அவன்தான்.

"இன்னா மாமு, வெள்ளக்காரன் ஊருக்கு வந்தும் மூஞ்சி அதே கோணிப்பை மூஞ்சியா கீதே" என்றபடி உள்ளே வந்தான்.

மலர் அவனை வணக்கம் சொல்ல விடவில்லை. தன் அங்கியின் இடுப்பு நாடாவை உருவி ஒரு நுனியை அவன் கையில் கொடுத்தாள். அடுத்து நான், அடுத்து அவள் அம்மா. 'டோன்ட் ரன், டோன்ட் புஷ்' என்று உரத்த குரலில் உத்தரவு போட்டபடி எங்களைச் சமையலறை வழியாக மாடிப்படி வரை நடத்திப் போனாள். அவளுக்குத் தமிழில் கேட்டால் புரிகிறது. பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஓடாதே, தள்ளாதே என்று அவள் தமிழில் சொல்லி நான் கேட்டதில்லை.

காதர் படியில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு, "ராஜாத்தி அக்கா ரயிலு மாரியே கீது பா" என்றான்.

சரோஜாவுக்கு அந்த ரயிலைத் தெரியாது. அது எங்கள் கல்யாணத்துக்கு முந்திய கதை. அதனால் அன்று அவளுக்குச் சொன்னேன். இங்கே எழுதுவதும் அதைத்தான்.

3

ராஜாத்தி என் அக்காள். அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேனிலிருந்து சரிந்த சுமைக்கு அடியில் போனவர். பிள்ளை இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த சாக்குக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது.

துறைமுகத்தில் தானியம் இறக்கிக் காலியான சாக்குகள் வண்டி வண்டியாக அங்கே வரும். பெண்கள் அவற்றை உதறி, ரகம் பிரித்து, கிழிசல் தைப்பார்கள். கொட்டகைக்குள் எந்நேரமும் சணல் தூசு பனி மாதிரி தொங்கும். பீடி கையில் இருந்தாலே வேலை போய்விடும் என்று பலகையில் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு பீடியின் படம் வரைந்து அதன் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கம்பெனியும் கிடங்கின் ஒரு மூலையைத் தடுத்து வெள்ளையடித்தது. அதைப் பெண்கள் பிள்ளை ரூம் என்றார்கள். ஆள், என் அக்காள்.

உத்தரத்திலிருந்து வரிசையாகத் தூளிகள் தொங்கும். நடக்கிற பிள்ளைகள் தரையில். அறைக்குக் கதவு இரண்டு. ஒன்று தையல் கொட்டகைக்குள் திறக்கும். இன்னொன்று பின்பக்கச் சந்துக்கு. சந்துக் கதவில் எப்போதும் பூட்டு. அது கிடங்காக இருந்த காலத்தில் அந்த வழியாகச் சாக்குகள் திருட்டுப் போயிருந்தன. சாவி முன்கேட்டில் காவல் இருந்த நாயுடுவின் இடுப்பில்.

சணல் தூசு பற்றிக்கொண்டால் தையல் கொட்டகைதான் முதலில் எரியும். பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே வழி அதற்குள்தான். என் அக்காளுக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இது ஒன்றே கவலை. தினமும் வீட்டுக்குப் போகும்போது கேட்டில் நின்று கேட்பாள்.

"நைனா, அந்தச் சாவிய எங்கிட்ட குட்த்துடு."

"குட்த்தா என் வேல பூடும்மே."

"நெருப்பு வந்துச்சின்னா?"

"வந்தா ஓடியாந்து தொறக்கறேன்."

"நீ ஓடியாற ஓட்டத்த நானு பாத்துகினுதானே கீறேன். கேட்டு தொறக்கவே ரெண்டு தபா இருமறே."

நாயுடுவும் சிரிப்பார். சாவி இடுப்பிலேயே இருக்கும்.

ரயில் விளையாட்டை அக்காள் கண்டுபிடித்தது இந்தக் கவலையில்தான். முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடிக்கச் சொல்ல முடியாது. எந்தப் பிள்ளைக்கும் சட்டை இல்லை. எல்லோருக்கும் இருந்தது அரைஞாண் கயிறு. ஆகவே முன் பிள்ளையின் அரைஞாணைப் பின் பிள்ளை பிடிக்க வேண்டும். இன்ஜினாக அவள். கும்மிடிப்பூண்டி ரயில் அந்தப் பக்கம் ஊதும்போதெல்லாம் இவர்களும் ஊதிக்கொண்டு அறையைச் சுற்றுவார்கள். சந்துக் கதவு வரைக்கும் போய், பூட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

4

விறகு விற்கிற பக்கத்துத் தொட்டி ஒரு மத்தியானம் எரிந்தது. காற்று கடல் பக்கம் திரும்பியதால் கம்பெனி தப்பித்தது. அதன் பிறகு நலத்துறை அதிகாரி என்று கம்பெனி வைத்திருந்த இளைஞர் ஓர் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர். முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கவே அவருக்குப் பல வாரம் பிடித்தது. நான் அப்போது பட்டணத்தில் ஒரு தினசரியில் நிருபர். செய்தி போட்டால் மற்ற கம்பெனிகளும் செய்யும் என்று என்னையும் அழைத்தார்.

பெண்களை முற்றத்தில் கூட்டி விளக்கினார். சங்கு விட்டு விட்டு ஊதும். தையல்காரப் பெண்கள் நேராக முன்கேட்டுக்குப் போக வேண்டும். சந்துக் கதவு திறந்திருக்கும். ராஜாத்தியும் துணைக்குப் போட்ட இன்னொரு பெண்ணும் பிள்ளைகளை அந்த வழியாகச் சுற்றிக் கேட்டுக்குக் கொண்டு வருவார்கள்.

கன்னியம்மா என்ற பெண் கை தூக்கினாள். அவளுடைய மகள் செல்விதான் ரயிலில் அக்காளுக்கு அடுத்த பெட்டி.

"ஐயா, ராஜாத்திக்கு ரெண்டு கைதானே கீது? என் பொண்ண வுட்டுட்டு வந்தா?"

"வுட மாட்டா. உம் பொண்ணுதான் அவள வுடாது" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். புரிந்ததா என்று அதிகாரி கேட்டார். புரிந்தது என்றார்கள்.

சங்கு ஊதியது. நான் பிள்ளை ரூமின் சந்துக் கதவுக்கு வெளியே நின்றேன். நாயுடு கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தன் கேட்டுக்குப் போயிருந்தார். அக்காள் கைதட்டினாள். பிள்ளைகள் அரைஞாணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ரயில் கதவை நோக்கித் திரும்பியது.

அப்போது கொட்டகைப் பக்கக் கதவு வழியாகப் பெண்கள் வந்தார்கள். கேட்டுக்கு ஒருத்தி கூடப் போகவில்லை. சிரித்தவளும் வந்தாள். நெருப்பு இல்லை, இது ஒத்திகை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முகங்கள் உண்மையான நெருப்புக்கு உரியவையாக இருந்தன. ஒவ்வொருத்தியும் வரிசையிலிருந்து தன் பிள்ளையைப் பிடுங்கினாள். அரைஞாண்கள் அறுந்தன. தூளியிலிருந்து குழந்தையை எடுத்தவர்கள் நிற்க இடமின்றி இடித்துக்கொண்டார்கள். தாய் வந்து சேராத பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுதன.

"இந்தப் பக்கம் வாங்கடீ! கதவு தொறந்து கீது, இந்தப் பக்கம்!" என்று அக்காள் கத்திக்கொண்டிருந்தாள்.

நான் நின்ற கதவு அது. அகலமாகத் திறந்திருந்தது, வெளிச்சம் உள்ளே விழுந்தது. அதன் வழியாக ஒரு பெண்ணும் வெளியே வரவில்லை. பிள்ளையைத் தூக்கியவர்கள் வந்த வழியே திரும்பினார்கள், இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்தவர்களுக்கு எதிராக. வாசலில் இரண்டு கூட்டமும் இறுகி நின்றன. அந்த நெரிசலில் செல்வி கீழே விழுந்தாள், யாரோ மிதித்தார்கள்.

பிறகு ஒருத்தியிடம் கேட்டேன், திறந்த கதவு இருக்க ஏன் அந்த வழியே போனீர்கள் என்று. என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தாள்.

"அது திருட்டுக் கதவுப்பா. அந்த வழியா போனா சாக்கு எடுத்தேன்னு சொல்ல மாட்டாங்க?"

இன்னொன்றும் எழுத வேண்டும். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் வெளியே ஓடவில்லை. இடுப்பில் பிள்ளையோடு வரிசையில் நின்றார்கள். வேலை விட்டுப் போகும்போது பெண்களைச் சோதனை போட்டு அனுப்புவது வழக்கம். சோதனைக்காரி ஒவ்வொருத்தியின் மடியையும் தடவிக்கொண்டிருந்தாள். சங்கு இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தச் சொன்ன அதிகாரியிடம் அவள், "சோதன போடாம எப்பிடி ஐயா வுடறது?" என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள்.

செல்விக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. நான் செய்தி எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் மேலோட்டமாகப் பார்த்தார். "யாராவது போயிட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். தாளை, போடாத செய்திகளுக்கான ஆணியில் குத்தினார். அவர் கெட்டவர் அல்ல. அன்று இடம் இல்லை.

5

அதிகாரி விடவில்லை. ஒத்திகை தோற்றதற்குக் காரணம் பெண்களின் அறியாமை அல்ல, தினமும் நடக்காத வழியில் ஆபத்து நாளில் எவரும் நடக்க மாட்டார்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். பிள்ளைகளைக் காலையில் கொண்டு விடுவதும் மாலையில் எடுப்பதும் சந்துக் கதவு வழியாகவே நடக்க வேண்டும், பூட்டு கூடாது. அக்காளும் அதில் கைநாட்டு வைத்தாள். அரசாங்கத்துத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பார்த்து, அது சரி, அப்படியே செய்க என்று உத்தரவு போட்டார்.

அன்று மாலை அக்காள் மீன் வாங்கிச் சமைத்தாள். "தம்பி, கதவு வந்துடுச்சிடா" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் அதிகம் பார்த்ததில்லை.

முதலாளி உத்தரவைப் படித்தார். சந்துக் கதவைத் திறந்தால் அங்கே இன்னொரு காவலாள், இன்னொரு சோதனைக்காரி வேண்டும். அவர் சட்டத்தையும் படித்தார். பெண்கள் அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் பிள்ளை ரூமே தேவையில்லை. கதவைப் பற்றிய கேள்வியும் இல்லை.

சாக்கு தைக்கிற வேலையைக் கம்பெனி வீடுகளுக்குக் கொடுத்துவிட்டது. சில பெண்களை மட்டும் ரகம் பிரிக்க வைத்துக்கொண்டு மற்றவர்களை நிறுத்தினார்கள். அதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. நான் ஒரு வக்கீலிடமும் கேட்டேன். அதிகாரி வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார். பிள்ளை ரூம் பழையபடி கிடங்கானது. தூளி தொங்கிய உத்தரம் வரை மூட்டைகள் ஏறின.

முதலில் பெண்களுக்குச் சந்தோஷம். வூட்லயே குந்திகினு தைக்கலாம், சோதனை இல்லை என்றார்கள். சாக்குகள் தலைச்சுமையாகக் குடிசைகளுக்கு வந்தன. அடுப்பு இருக்கும் அதே அறையில், பிள்ளை தூங்கும் அதே இடத்தில் அடுக்கினார்கள். கூரை ஓலை, தரையில் சணல் தூசு, நடுவே மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு கம்பெனிக்குள் இருந்த ஆபத்தை வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக் கொடுத்தது போல ஆயிற்று. வீடுகளுக்கு ஆய்வாளர் கிடையாது.

பிறகு சாக்கு வருவது குறைந்தது. குழாயடியில் அக்காளுக்குப் பெயர் வைத்தார்கள்.

"தோ வர்றா பாரு கதவு மவராணி! வழி வுடுங்கடீ" என்றாள் கன்னியம்மா. "ஒரு கதவு கேட்டா, இருந்த கதவும் மூடிகினாங்கோ."

அக்காள் குடத்தை வைத்தாள். "செல்விக்கு எலும்பு கூடிச்சாம்மே?"

"கூடிச்சி. வேலதான் கூடல."

இருவரும் தண்ணீர் நிரம்பும் வரை பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் லண்டனுக்குக் கப்பல்.

6

சரோஜா சோறு போட்டாள். காதர் கருவாட்டைப் பிய்த்தபடி மீதியைச் சொன்னான். பெண்கள் இப்போது காத்திவாக்கம் பக்கம் இறால் பிடிக்கவும், மீன் கூடை தூக்கவும் போகிறார்கள். போகும்போது பிள்ளைகளை அக்காள் வீட்டில் விட்டுப் போகிறார்கள். கன்னியம்மாவின் இரண்டாவது பிள்ளையும் அங்கேதான்.

"கதவு மவராணின்னு திட்டினவதானே?" என்றாள் சரோஜா.

"திட்டினா இன்னா? புள்ளைய வேற எங்க வுடுவா?"

"அக்கா இன்னும் ரயில் வுடுதா?" என்று கேட்டேன்.

"ரயிலா? எங்க வுடும் மாமு? வூட்ல எடம் எங்க கீது? அதுவும் சாக்கு தெச்சிகினு கீது. கூரை மோட்டு வரைக்கும் சாக்கு. புள்ளைங்கோ அது மேல படுத்துத் தூங்குது. வாசல்ல அடுப்பு வெச்சி கஞ்சி காச்சுது."

"வாசல்லயா?"

"உள்ள வெச்சா சாக்கு பத்திக்கும்னு வாசல்ல வெச்சிகீது."

அந்த வீட்டை எனக்குத் தெரியும். நான் வளர்ந்த வீடு. மூன்று பக்கமும் அடுத்த குடிசைகளின் சுவர். வாசலில் அடுப்பு பற்றிக்கொண்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வழி என்று எதுவும் இல்லை. சரோஜா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், அடுத்த அறையில் தூங்கிவிட்ட மலருக்குக் கம்பளியை இழுத்துவிட்டாள்.

யாருக்காவது எழுத வேண்டும் என்றேன். நகரசபைக்கு, அல்லது என் பழைய பத்திரிகைக்கு. பகலில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஓர் இடம், இரண்டு கதவுள்ள ஓர் இடம், இதைக் கேட்பதில் தவறில்லையே என்றேன்.

காதர் கையைக் கழுவிவிட்டு வந்தான். முதல் முறையாகச் சிரிக்காமல் பேசினான்.

"அக்கா அத்தத்தான் சொல்லி வுட்டுது. 'எந் தம்பி பேப்பருக்கு எழுதறவன், அவங் கை சும்மா இருக்காது. என்னிய பத்தி எழுதவே வேணாம்னு சொல்லு. எவனாச்சும் படிச்சிட்டு நல்ல மனசோட வருவான். வந்து ஒரு வாசல்தான் கீதுன்னு சொல்லி இத்தையும் மூடிடுவான். அப்பாலிக்கா புள்ளைங்கோ ரயில் ரோட்டுலதான் குந்தும்'னு சொல்லிச்சி."

"நீ இன்னா சொன்னே?" என்றேன்.

"நான் இன்னா சொல்றது? அது சொல்றது சரிதானே?"

நகரசபைக்கு எழுதவில்லை. இதை எழுதியிருக்கிறேன். எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டேன், தெருவைக் குறிப்பிடவில்லை. நல்ல மனத்தோடு தேடிப் போகிறவர் அக்காளைக் கண்டுபிடிக்க முடியாது. சாக்கு அடுக்கிய, ஒரே வாசல் உள்ள, உள்ளே பிள்ளைகள் தூங்குகிற வீடு எது என்று விசாரித்தால், அந்தப் பக்கத்தில் எந்த வீட்டையும் காட்டுவார்கள்.